பின்சீட்டுச் சவாரி

12 நவம்பர் 2025, புதன்கிழமை. ராஜபாளையம்.

முதலில் ஒரு திருத்தம். சமுத்திரம் மாமாவின் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள் என்று போன வாரம் இந்த டைரியில் எழுதிவிட்டேன். அது தவறு. ரத்து செய்யவில்லை, நிறுத்திவைத்திருந்தார்கள். ரத்து என்றால் அதோடு முடிந்தது. நிறுத்திவைத்தால் ஒரு நாள் திரும்பி வரும். இந்த ஐப்பசியில் வந்துவிட்டது.

தட்டச்சு வகுப்பில் பிழையின் மேல் இன்னொரு எழுத்தை அடித்து மறைக்கக் கூடாது என்பார்கள். அதனால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, சரியானதை இங்கே எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மூன்று வருடங்களுக்கு முன், விளக்கு வைக்கும் நேரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலி வண்டியோடு போனவர் கண்மாய்ப் பாலத்து வளைவில் குருவம்மாள் என்ற பெண்மணி மேல் மோதிவிட்டார். அந்தம்மா மகாராஜபுரத்துக்காரர். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு நின்றவர். மாமா அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் கொண்டுபோனார். ஆனால் அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. அதைத் தாண்டிப் போய்த் தேரடியில் நிறுத்தினார். அதற்குள் குருவம்மாள் இறந்துபோயிருந்தார்.

ஏன் தேரடிக்குப் போனாய் என்று போலீஸ் கேட்டது. கோர்ட் கேட்டது. அம்மா அழுதுகொண்டே கேட்டாள். மாமா பதில் சொன்னதே இல்லை.

லைசென்ஸை அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்போது எங்கள் கார் ஸ்டாண்டில் நம்பர் கொடுக்க வேண்டும். ஸ்டாண்டு நம்பர் இல்லாதவருக்கு இந்த ஊரில் சவாரி கிடையாது. சங்கத்தின் செயலாளர் என் அப்பா, வேல்சாமி.

காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில், அப்பா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஸ்டாண்டுக்குப் போனேன். டீ டம்ளர்களோடு எல்லோரும் நின்றிருந்தார்கள். மாமா கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பால்ச்சாமி அண்ணாச்சிதான் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர்.

"நான் யோக்கியன்னு சொல்ல வரலலே. சிவகாசி ரோட்டுல ஸ்பீடுக்கு எனக்கு எம்புட்டு ஃபைன் போட்டிருக்கான்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும்ண்ணே," என்றார் இன்னொரு டிரைவர் இம்ரான். "அந்தக் கேமராவுல உங்க போட்டோவப் பாத்தா, ஆல்பம் போடக் குடுத்த மாதிரி இருக்கும்."

சிரித்தார்கள். மாமாவும் லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதலே. ஸ்பீடுல போனவனுக்கெல்லாம் நம்பரு இல்லைன்னா இந்த ஸ்டாண்டே காலியாயிரும். மோதிட்டான், அதக் கூட நான் பேசல. இருட்டு, மழை, யாருக்கும் நடக்கும். ஆஸ்பத்திரியத் தாண்டிப் போனாம் பாரு, அது என்னன்னு எனக்கு இன்னும் வெளங்கல. கோர்ட்டு குடுத்தது வண்டி ஓட்டுறதுக்கு. நம்ம குடுக்கிறது ஆளை..."

அந்த இடத்தில் வார்த்தையை விழுங்கிவிட்டு டீயைக் குடித்தார்.

மாமா மரத்தடியிலிருந்தே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"இங்க இல்லைன்னா திருப்பூருக்குப் போயி செல்போன் ஆப்புல வண்டி ஓட்டிக்கிடுதேன்ணே. லைசென்ஸ் இருக்கான்னு மட்டுந்தான் பாப்பான். வேற ஒண்ணும் கேக்க மாட்டான்."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"பின்சீட்டுச் சவாரி வச்சிருவோம். இன்னைக்கே. நாளைக்குச் சாயங்காலம் கூட்டம்."

ஸ்டாண்டில் பழைய வழக்கம் அது. தப்பு செய்துவிட்டுத் திரும்பி வருகிற டிரைவர், அது நடந்த ரோட்டில், நடந்த அதே நேரத்தில், செயலாளர் வீட்டு ஆட்களைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் பரிசோதித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முன்சீட்டு காலியாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் அவனும் சேர்ந்து ரோட்டைப் பார்ப்பான், ஓட்டுகிறவன் தனியாக ஓட்டியதாக ஆகாது என்பார்கள். பின்சீட்டில் இருந்தவர்களில் இளையவர் மறுநாள் கூட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "ஏறலாம்" அல்லது "ஏற வேண்டாம்". காரணம் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் இளையவள் நான்தான். அப்பா என்னைப் பார்த்தார். மாமா பார்க்கவில்லை.

சாயங்காலம் வகுப்புக்கு லீவு சொன்னேன். இம்ரானின் வெள்ளை வண்டி வாசலுக்கு வந்தது. அம்மா எனக்கு முன்னால் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் இடது பக்கம். ஏறுவதற்கு முன் முன்சீட்டைப் பார்த்தேன். பை, தண்ணீர் பாட்டில், குடை எதுவும் இல்லை. நான் பார்ப்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு என்பதால் இரண்டாவது தடவையும் பார்த்தேன்.

மாமா ஓட்டுவதைக் குறை சொல்ல முடியாது. பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒதுங்கவில்லை. ஸ்கூல் பிள்ளைகளின் சைக்கிள் தடுமாறியபோது, அது நேராகும்வரை பின்னாலேயே பொறுமையாகப் போனார்.

"ஏலே, மெதுவாவே போ," என்றாள் அம்மா.

"அக்கா, இதுக்கு மேல மெதுவாப் போனா டிராக்டர்காரன் எறங்கி வந்து என்ன ஆச்சுன்னு கேப்பான்."

"கேட்டா கேக்கட்டும். நீ பதில் சொல்லிக்கிட்டே மெதுவாப் போ."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் 'ஏறலாம்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இடது பக்கம் மலை. செண்பகத்தோப்புக்கு மேலே மழை இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் இன்னும் பெய்யவில்லை. ஆனால் வெளிச்சம் சீக்கிரமே வடிந்துவிட்டது. எதிரே வருகிற வண்டிகள் விளக்குப் போட்டிருந்தன. கண்மாய்த் தண்ணீர் மட்டும் தனியாக வெளுத்துத் தெரிந்தது.

பாலத்து வளைவு வரும் முன்னால் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். இண்டிகேட்டர். மாமா இடது பக்கம் ஒதுங்கினார்.

அங்கே கடை இல்லை, பஸ் நிறுத்தம் இல்லை. ஆள் யாரும் இல்லை. வண்டியை நிறுத்தினார்.

பின்னாலேயே லாரி. ஏர்ஹாரன் அலறியது. எங்களை உரசுகிற மாதிரி வளைந்து போனது. அந்தக் காற்றில் வண்டி ஆடியது. அம்மா என் கையைப் பிடித்தாள். வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்த மாமா, அந்த ஒரு இடத்தில் மட்டும் பார்க்கவில்லை.

சாய்ந்து, முன்சீட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். காத்திருந்தார். வயசானவர்கள் ஏறும்போது டிரைவர்கள் காத்திருப்பார்களே, அப்படி. பிறகு கதவை இழுத்துச் சாத்தினார்.

வண்டிக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. டொய்ங், டொய்ங். முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி.

மாமா அந்தப் பக்கம் கையை நீட்டி பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

காலிச் சீட்டின் மேல் பெல்ட் குறுக்கே கிடந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடந்ததா, சற்று முன்தள்ளி நின்றதா என்று இப்போது யோசிக்கிறேன். உறுதியாக எழுத முடியவில்லை.

"தம்பி," என்றாள் அம்மா. "யாருக்குலே பெல்ட்டு போடுத?"

"தேரடிக்குப் போகணுமாம்க்கா. மக வந்து நிக்காளாம்."

"யாரு போகணும்? யாருலே ஒங்கிட்டச் சொன்னா?"

"அத்தான்தான் சொன்னாக. எங்க போகணும்னு கேட்டு, பத்திரமா கொண்டுபோயி இறக்கி விடுன்னு."

"எப்ப?"

"அன்னைக்குத்தான்."

சவாரி விவரம் சொல்கிற குரல்தான் அது. வேறு வித்தியாசம் ஏதும் இல்லை. மடவார்வளாகம் தாண்டி ஒரு வேகத்தடை வந்தது. வேகத்தைக் குறைத்தபோது இடது கையை முன்சீட்டுக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருப்பவர் முன்னால் சாய்ந்துவிடாமல் இருக்க. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடத்தை எப்போது கடந்தோம் என்று கவனிக்கவில்லை.

தேரடியில் கூட்டம். பூக்கடைகளில் விளக்கு எரிந்தது. தகரத்துக்குள் தேர் இருட்டாக நின்றது. மாமா ஓரமாக நிறுத்தி பெல்ட்டைக் கழற்றினார். மணி அடித்தது. சாய்ந்து கதவைத் திறந்தார். மணி இன்னும் கொஞ்சம் அடித்தது. பிறகு அதுவாகவே நின்றது. அதன் பின்தான் கதவைச் சாத்தினார்.

"சரிக்கா," என்று எங்கள் பக்கம் திரும்பினார். முகம் தெளிவாக இருந்தது. "டீ குடிக்கீகளா? பாப்பா, நீ?"

வேண்டாம் என்றோம்.

திரும்பும்போது எங்கேயும் நிறுத்தவில்லை. பாலத்தை மற்ற வண்டிகள் கடப்பதைப் போலத்தான் கடந்தோம். டைப்பிங் ஹையர் பரீட்சை எப்போது என்று கேட்டார். தை பிறந்த பிறகு என்றேன். "கை வேகம் வந்திருச்சா?" என்றார். வந்துவிட்டது, பிழைதான் நிற்கவில்லை என்றேன். "அது வரும் பாப்பா, பொறவு வரும்," என்றார்.

ஸ்டாண்டில் சாவியை வாங்க இம்ரான் நின்றிருந்தார்.

"என்ன அனு, மாமா வண்டிய ஓட்டுனாரா, ஒறங்க வச்சாரா? சட்டுனு வருவீகன்னு பாத்தா ஆடி அசைஞ்சு வாரீக."

மாமா டீக்கடைப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அண்ணே, உங்க வண்டியில முன்சீட்டு பெல்ட் மணி எதுவும் ரிப்பேரா? சும்மாவே அடிக்குமா?"

"எந்த மணி?"

"பெல்ட் போடலைன்னா அடிக்குமே."

"அதுவா? அந்தத் தொல்லை தாங்காம வாங்குன வருசமே ஒயரப் புடுங்கிட்டேன். எம் வண்டியில அது அடிக்கவே அடிக்காது. வேற வண்டிச் சத்தத்தக் கேட்டிருப்ப."

குனிந்து சீட்டுக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். ஒயரின் இரண்டு முனைகளும் தனித்தனியாகக் கிடந்தன. கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் தூசி ஒட்டியது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ரைஸ்மில் தெருவுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னாள்.

"ஏட்டி, நாளைக்கு ஏறலாம்னு சொல்லிரு."

"லாரியப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"நம்ம உள்ள இருந்தோம். நாளைக்கு வேற யாராச்சும் இருப்பாக."

"வேண்டாம்னு சொன்னா திருப்பூர் போவான். அங்கயும் பின்சீட்டுல யாரு பெத்த பிள்ளையோதான உக்காந்திருக்கும்? இங்கன்னா நாலு பேரு கண்ணு முன்னால இருப்பான்." கொஞ்ச தூரம் போனதும், "எந் தம்பிட்டி அவன்," என்றாள். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. என்னிடம் கேட்டுக்கொண்டதாகத்தான் பட்டது.

அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை எப்படிச் சொல்வது?

அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எதுவும் சொல்லாத," என்றார் என்னைப் பார்த்ததும். "நாளைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வழக்கம் வழக்கந்தான்."

"அப்பா, மாமா பாலத்துகிட்ட வண்டிய நிறுத்துனாக."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்தி?"

"முன்சீட்டுக் கதவத் தொறந்தாக. யாரோ ஏறுற மாதிரி செத்த நேரம் இருந்துட்டு, பெல்ட்டு போட்டுவிட்டாக."

அப்பா குழாயை மூடினார். துண்டை எடுக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தேரடியில இறக்கி விட்டுட்டானா?"

நான் தேரடி என்றே சொல்லவில்லை.

அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள்.

"நீங்கதான் சொன்னீகளாம்," என்றாள். "பத்திரமா இறக்கி விடச் சொன்னீகளாம். என்னங்க சொன்னீக எந் தம்பிகிட்ட?"

அப்பா குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல ஆரம்பித்தபோது, கூட்டத்தில் பேசுகிற குரல் அவரிடம் இல்லை.

"அன்னைக்கு ஸ்டாண்டுல ஒரே இரைச்சல். போன் வந்துச்சு. 'அத்தான், பாலத்துகிட்ட ஒரு அம்மாவ ஏத்திட்டேன்'னான்."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. ஸ்டாண்டில் பொழுதுக்கும் புழங்குகிற வார்த்தை அது. சவாரி ஏத்திட்டேன், ரெண்டு பேரை ஏத்திட்டேன். ஒருவர் மேல் வண்டியை விட்டுவிட்டாலும் எங்கள் ஊரில் அதே வார்த்தைதான். ஏத்திட்டேன். காலையில் பால்ச்சாமி அண்ணாச்சி மாமாவின் முன்னால் விழுங்கியதும் அதைத்தான்.

"காலி வண்டியாப் போனவனுக்கு ரோட்டுல சவாரி கெடச்சிருச்சுன்னு நெனச்சேன்," என்றார் அப்பா. "'சந்தோசம்லே, எங்க போகணும்னு கேட்டு பத்திரமா கொண்டுபோயி இறக்கி விடு'ன்னேன். வச்சிட்டேன்."

"அவன் குரலு எப்படி இருந்துச்சு?"

"நடுங்குச்சு. மழையில நனைஞ்சிருப்பான்னு நெனச்சேன்."

"அந்தம்மாவுக்கு உசிரு இருந்துச்சா அப்ப?"

"இருந்திருக்கு. பொறவு ஒரு நாளு எங்கிட்ட மட்டும் சொன்னான். அந்தம்மா தேரடின்னு சொல்லியிருக்கு. மக நிக்கான்னு சொல்லியிருக்கு." அப்பா ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வெளங்கியிருந்தா ஆஸ்பத்திரிக்குத் திருப்புலேன்னு கத்தியிருப்பேன். அவனுக்கு அந்நேரம் புத்தி வேலை செய்யல. நான் சொன்னத மட்டும் பிடிச்சிக்கிட்டான். பொறவு போலீசு வந்து, கேசாகி, அம்புட்டு நடந்தும் அவன் எம் பேரச் சொல்லல. அவன் சொல்லாததுனால நானும் சொல்லல."

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. மூன்று வருடங்களாகத் தேடிய ஒன்றைக் கண்டெடுத்தவள் போல நின்றாள்.

"அப்ப அவன் இன்னும் நீங்க சொன்ன சவாரியத்தான் ஓட்டிக்கிட்டிருக்கான்," என்றாள்.

ஏறலாம் என்று நான் சொன்னால், அந்த வளைவில் ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒரு லாரி வரும். வேண்டாம் என்று சொன்னால், திருப்பூரிலும் பாலங்கள் இருக்கும். இரண்டு வார்த்தைகளில் எதைச் சொன்னாலும் மாமா நிறுத்தப்போவதில்லை. அவரை நிறுத்தச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் ஈரக்காலோடு எங்கள் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான்ப்பா சொல்லணும்," என்றேன். "அந்த இடத்துல வச்சே சொல்லணும். இறக்கியாச்சு, சவாரி முடிஞ்சதுன்னு. கூட்டத்துலயும் நீங்களே எல்லாத்தையும் சொல்லணும்."

"சொல்லுதேன்," என்றார். உடனே சொல்லிவிட்டார். அதற்காகக் காத்திருந்தவர் போல.

"நாளைக்குச் சாயங்காலம் கூட்டத்துக்கு முன்னாடி ஒருக்கப் போயிட்டு வந்திருவோம். நீங்க முன்சீட்டுல உக்காருங்க. அப்பதான் மாமா இண்டிகேட்டர் போடும்போதே கையப் பிடிக்கலாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முன்சீட்டுல நான் உக்காந்துட்டா, பாப்பா," என்றார் மெதுவாக, "அந்தம்மா எங்க உக்காரும்?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அம்மாவும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பேச வாயைத் திறந்தேன். விரலில் ஒட்டிய தூசி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். நாளைக்கும் ஒரு சவாரி இருக்கிறது, அதே ரோடு, அதே நேரம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. டிரைவர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு மாமா. அப்பா, நான்."

அந்தப் பக்கம் மனசுக்குள் எண்ணிப் பார்க்கிற அமைதி.

"சரி பாப்பா," என்றார். "அப்ப எடம் இருக்கு."

நாளைய வேலை: ஒரு மணி நேரம் முன்னதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டு வர வேண்டும். அப்பா முன்சீட்டில். அம்மா வரவில்லை. நான் பின்சீட்டில் வலது ஓரம் உட்கார வேண்டும். இடது பக்கத்தைக் காலியாக விட வேண்டும். ஏறும்போதே அந்தப் பக்கத்து பெல்ட் சரியாக மாட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.